அமெரிக்காவுல ஒரு சின்ன ப்ரூபப் ஆரம்பிக்கப் போறீங்களா? எதை முன்னாடி பண்ணணும், எதைப் பின்னாடி பண்ணணும்

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒரு தமிழ்ப் பையன் எங்க ப்ரூபப் (பீரை அங்கயே காய்ச்சி அங்கயே விக்கற கடை) கவுன்ட்டர்ல வந்து உக்காந்து, ஒரு பைன்ட் பீர் முடிச்சதும் மெதுவா "ப்ரோ, இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்க என்னென்ன பேப்பர் வேணும், எவ்ளோ ஆகும்"னு கேக்கறான், நானும் ஒவ்வொருத்தன்கிட்டயும் முக்கால் மணி நேரம் பேசிப் பேசி தொண்டை கட்டிப்போச்சு. அதான் மொத்தமா எழுதி வெச்சுடறேன். நாங்க 9 மாசத்துல திறந்துடலாம்னு நெனச்சோம், 19 மாசம் ஆச்சு. பீர் காய்ச்சத் தெரியாம அந்த 10 மாசம் போகலைங்க. எந்தப் பேப்பருக்கு அப்புறம் எந்தப் பேப்பர்ங்கற வரிசை தெரியாம போச்சு. அந்த 10 மாசமும் காலி இடத்துக்கு வாடகை குடுத்துக்கிட்டு இருந்தோம், அது தான் வயித்தெரிச்சல்.

நான் இருக்கறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம். ஃபெடரல் சமாச்சாரம் எல்லா மாநிலத்துக்கும் ஒண்ணு தான், மாநில விதி ஊருக்கு ஊர் மாறும், அதனால கலிஃபோர்னியாவுலயோ நியூஜெர்சியிலயோ இருக்கறவங்க 3-வது, 7-வது பகுதியை அப்படியே எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு. நாட்டுல இப்ப 9,000-க்கு மேல க்ராஃப்ட் ப்ரூவரி (சின்ன அளவுல பீர் காய்ச்சற இடம்) இருக்கு, 2024-ல புதுசா திறந்ததைவிட மூடினது தான் அதிகம்னு அவங்க சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனே கணக்கு சொல்லிடுச்சு. பயமுறுத்தறதுக்காக சொல்லலை, மூடினவங்க விக்கற சாமான் நமக்கு எப்படி உதவும்னு 9-வதுல வரும்.

1. முதல்ல விசாவைப் பாருங்க

எச்1பியில இருந்தா நீங்க காசு போடலாம், பங்கு வெச்சுக்கலாம், ஆனா அந்த இடத்துல வேலை செய்யக்கூடாது. வேலைன்னா சம்பளம் வாங்கறது மட்டும் இல்லைங்க, சனிக்கிழமை கூட்டமா இருக்குன்னு கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னு ஊத்திக் குடுக்கறது, கெக் (பீர் பீப்பா) தூக்கி வைக்கறது எல்லாமே வேலை தான், "என் சொந்தக் கடை தானே, சம்பளம் வாங்கலையே"ன்னு சொன்னா செல்லாது. மனைவியோ கணவரோ எச்4-ல வேலை அனுமதி அட்டை வெச்சிருந்தா அவங்க பேர்ல நடத்தலாம், அந்த அட்டைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆனா அட்டையைப் புதுப்பிக்க லேட்டானா கடையை யார் பாப்பாங்கன்னு முன்னாடியே யோசிச்சுக்கோங்க. நான் க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் காத்திருந்து தான் இறங்கினேன். இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசு குடுத்து உங்க நிலைமைக்கு மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, பார்ட்டியில மச்சான் சொன்னதை நம்பி இறங்காதீங்க.

2. வீட்டுல காய்ச்சிக் கையைப் பழக்குங்க, ஆனா ஒரு டாலர் கூட வாங்காதீங்க

வீட்டுல தனி ஆள்னா வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பெரியவங்க இருக்கற வீடுன்னா 200 கேலன் வரைக்கும் வரி இல்லாம காய்ச்சலாம், 200 கேலன்னா கிட்டத்தட்ட 757 லிட்டர், தீபாவளி பொங்கல் ரெண்டுக்கும் ஊரையே கூப்பிட்டாலும் மிஞ்சும். விக்கக்கூடாது, அவ்ளோ தான். "செலவுக்கு மட்டும் ஆளுக்கு அஞ்சு டாலர்"னு சொல்றதும் விக்கறது தான்.

நிறைய பேர் கேக்கறது, வீட்டோட ஒட்டின கராஜ்லயே லைசன்ஸ் வாங்கி ஆரம்பிக்கலாமா. முடியாது, குடியிருக்கற வீட்டுல ப்ரூவரி வைக்க ஃபெடரல் விதியே விடாது. அந்த ஆசையை இங்கயே விட்டுடுங்க.

முடிஞ்சா (விசா இடம் குடுத்தா) பக்கத்துல ஒரு ப்ரூவரியில வாரக்கடைசியில பார்ட்-டைம் வேலைக்குப் போங்க. இந்தத் தொழில்ல முக்கால்வாசி நேரம் பாத்திரம் கழுவறது தான், காஸ்டிக் போட்டு சுத்தணும், அலசணும், ஆசிட் போடணும், திரும்ப சானிடைசர், அதுக்கு நடுவுல கொஞ்சம் பீர். அது பிடிக்குமான்னு உங்க முதுகு சொல்லிடும்.

3. ப்ரூபப்பா ப்ரூவரியான்னு காசு சேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க

டெக்சாஸ்ல இது ரெண்டும் வேற வேற லைசன்ஸ். ப்ரூபப் லைசன்ஸ்ல ஒரு இடத்துல வருஷத்துக்கு 10,000 பேரல் (ஒரு பேரல் 31 கேலன்) வரைக்கும் காய்ச்சலாம், அங்கயே விக்கலாம், கூடவே சில்லறை விக்கற பெர்மிட்டும் எடுத்து வைனோ மத்தவங்க பீரோ கூட வெச்சுக்கலாம். ப்ரூவர் லைசன்ஸ் தயாரிப்பாளர் பக்கம், அங்க சொந்த பீர் மட்டும் தான் ஊத்துவீங்க, வீட்டுக்குக் குடுத்தனுப்பறதுக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 288 அவுன்ஸ், அதாவது 24 கேன் பெட்டி ஒண்ணுன்னு அளவு இருக்கு. அந்த அனுமதியே 2019 செப்டம்பர்ல தான் வந்துச்சு.

இதுல நம்ம ஆட்கள் மாட்டற இடம் எதுன்னா பார்ட்னர். இந்த ஊர்ல தயாரிக்கறவன், மொத்தமா விக்கறவன், சில்லறையா விக்கறவன்னு மூணு அடுக்கு, ஒரு அடுக்குல இருக்கறவன் இன்னொரு அடுக்குல பங்கு வெச்சுக்கக்கூடாதுங்கறது அடிப்படை. நமக்குக் காசு போட வர்ற நண்பர்கள்ல பாதிப் பேருக்கு கேஸ் ஸ்டேஷன் இருக்கும், அதுல பீர் வைன் விக்கற பெர்மிட் இருக்கும், அந்த ஆளை ப்ரூவர் லைசன்ஸ்ல பார்ட்னரா சேத்தா விண்ணப்பமே அடிபடும். எங்களுக்கு 15 சதவீதம் தர்றேன்னு சொன்ன அண்ணன் ஒருத்தரோட மனைவி பேர்ல ஒரு கடை இருந்தது, எல்லாம் பேசி முடிச்சு கை குலுக்கினதுக்கு அப்புறம் தான் அது தெரிஞ்சுது, நாங்க ப்ரூவர் லைசன்ஸ்ல இருந்து ப்ரூபப்புக்கு மாறினதுக்கு அது தான் பாதிக் காரணம். யார் பணம் போட்டாலும், அவங்க வீட்டுல யாருக்கு என்ன பெர்மிட் இருக்குன்னு முதல் நாளே கேளுங்க, கூச்சப்படாதீங்க.

4. கம்பெனி, அப்புறம் காசு எங்க இருந்து வந்துச்சுங்கற கதை

கம்பெனி சுலபம். டெக்சாஸ்ல எல்எல்சி பதிவு பண்ண 300 டாலர், ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ்ல ஈஐஎன் (கம்பெனியோட வரி நம்பர்) இலவசம், மாநில வரி அதிகாரியான கம்ப்ட்ரோலர்கிட்ட சேல்ஸ் டாக்ஸ் பெர்மிட் இலவசம், மூணும் ஒரு வாரத்துல முடிஞ்சுடும். ஈஐஎன் வாங்கித் தர்றோம்னு காசு கேக்கற வெப்சைட்டுக்குப் போகாதீங்க.

காசு தான் கதை. ஃபெடரல் விண்ணப்பத்துல ஒவ்வொரு டாலரும் எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டணும், 10 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருக்கறவங்க எல்லாரும் அவங்க பின்னணி விவரம் குடுக்கணும். சம்பளத்துல சேத்ததுன்னா பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். ஊர்ல நிலம் வித்த காசுன்னா அதுக்கு ஒரு வரிசை இருக்கு: கிரையப் பத்திரம், அங்க வரி கட்டின ரசீது, ஆடிட்டர் சான்றிதழ், பேங்க் வழியா வந்த ஆதாரம். அப்பா அனுப்பறார்னா அவருக்கு வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் தான் அனுப்ப அனுமதி, நீங்களே உங்க என்ஆர்ஓ கணக்குல (வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர்ல வெச்சிருக்கற பேங்க் கணக்கு) இருந்து கொண்டு வந்தா வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும். அப்பா குடுத்தது அன்பளிப்புன்னா அன்பளிப்புக் கடிதம் ஒண்ணு, அதோட வருஷத்துல 1,00,000 டாலரைத் தாண்டினா இங்க ஐஆர்எஸ்க்கு ஃபார்ம் 3520 போடணும். இதுக்கு வரி கிடையாது, ஆனா போடாம விட்டா அபராதம் ரொம்பப் பெருசு.

இந்தப் பேப்பரை எல்லாம் காசு வர்றப்பவே சேத்து வைங்க. நான் எட்டு மாசம் கழிச்சு கேட்டப்ப, ஊர்ல எங்க ஆடிட்டர் சபரிமலைக்கு மாலை போட்டுட்டு கிளம்பிட்டார், திரும்பி வர்ற வரைக்கும் ஒரு கையெழுத்துக்காக உக்காந்திருந்தோம்.

எஸ்பிஏ லோன் (சின்னத் தொழிலுக்கு அரசாங்க உத்தரவாதத்தோட பேங்க் குடுக்கறது) வாங்கறதா இருந்தா 7ஏ திட்டத்துல அதிகபட்சம் 50 லட்சம் டாலர். சொந்தக் கை காசு கேப்பாங்க, வீட்டை அடமானம் கேப்பாங்க. குடியுரிமை சம்பந்தப்பட்ட விதி சமீபத்துல மாறிக்கிட்டே இருக்கறதால விண்ணப்பிக்கற அன்னிக்கு பேங்க்ல கேட்டுக்கோங்க, போன வருஷம் வாங்கினவன் சொல்றதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க.

5. இடம்: லீஸ்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மொத்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதி தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

சிக்கல் என்னன்னா, முகவரி இல்லாம ஃபெடரல்லயும் விண்ணப்பிக்க முடியாது, மாநிலத்துலயும் முடியாது, லீஸ் பேப்பரைக் காட்டணும். ஆனா லீஸ் போட்ட நாள்ல இருந்து வாடகை ஓட ஆரம்பிச்சுடும், லைசன்ஸ் வர மாசக்கணக்காகும். எங்களுக்கு மாசம் 6,800 டாலர். நாங்க கையெழுத்துப் போட்டு 11 மாசம் கழிச்சுத் தான் முதல் பைன்ட் வித்தோம். 74,800 டாலர், ஒரு சொட்டு பீர் இல்லாம.

லீஸ்ல மூணு விஷயம் எழுதி வாங்குங்க. ஒண்ணு, வாடகை சிட்டி கிட்ட இருந்து ஆக்குபன்சி சர்டிஃபிகேட் (கட்டடத்தைப் பயன்படுத்தலாம்ங்கற சான்று) வந்த நாள்ல இருந்தோ, இல்ல கையெழுத்துப் போட்டு இத்தனை நாள் கழிச்சோ தான் ஆரம்பிக்கும்னு. ரெண்டாவது, ஸோனிங்கோ (அந்த இடத்துல இந்தத் தொழில் நடத்த சிட்டி குடுக்கற அனுமதி) லைசன்ஸோ கிடைக்கலைன்னா டெபாசிட்டைத் திருப்பிக் குடுத்து லீஸை முடிச்சுக்கலாம்னு. மூணாவது, தரையை உடைச்சு ட்ரெயின் போட, கூரையைத் துளைச்சு நீராவிக் குழாய் விட, வெளிய சில்லர் (டேங்க்கைக் குளிர வைக்கற மெஷின்) வைக்க ஒப்புதல். எங்க லேண்ட்லார்ட் "அதெல்லாம் பேசிக்கலாம், நாம ஃப்ரெண்ட்ஸ் தானே"ன்னார். அப்புறம் தரையை உடைக்கப் போனப்ப அந்த ஃப்ரெண்டைக் காணோம், அவரோட வக்கீல் தான் வந்தார்.

இடம் பாக்கறப்பவே கேக்க வேண்டியது: த்ரீ-ஃபேஸ் கரென்ட் இருக்கா, தண்ணிக் குழாய் எத்தனை இஞ்ச், கேஸ் லைன் எவ்ளோ தாங்கும், தரை ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கற டேங்க்) எடையைத் தாங்குமா. அப்புறம் டெக்சாஸ்ல முக்கியமானது, அந்த இடம் வெட்டா ட்ரையா. சில கவுன்ட்டியிலயும் சில ஊர்லயும் இன்னும் மது விக்கவே அனுமதி கிடையாது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் வெட், அந்தப் பக்கம் ட்ரைன்னு கூட இருக்கும். சர்ச், ஸ்கூல், ஆஸ்பத்திரி பக்கத்துல 300 அடிக்குள்ள இருக்கக்கூடாதுன்னு பல ஊர்ல விதி போட்டிருக்காங்க. அந்த 300 அடியை எப்படி அளக்கறதுன்னு சர்ச்சுக்கு ஒரு முறை, ஸ்கூலுக்கு ஒரு முறை. கூகுள் மேப்ல விரல் வெச்சு அளக்காதீங்க, சிட்டி செக்ரட்டரி ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க.

6. ஃபெடரல்: டிடிபி ப்ரூவர்ஸ் நோட்டீஸ்

இது கருவூலத் துறைக்குக் கீழ வர்ற ஆல்கஹால் அண்ட் டொபாக்கோ டாக்ஸ் அண்ட் ட்ரேட் பீரோ. எல்லாரும் டிடிபின்னு தான் சொல்வாங்க. பீர் காய்ச்ச அவங்க குடுக்கற அனுமதிக்குப் பேர் தான் ப்ரூவர்ஸ் நோட்டீஸ். விண்ணப்பம் ஆன்லைன்ல, கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆமா, இலவசம். ஆயிரக்கணக்குல கேக்கற கன்சல்டன்ட்டுங்க நீங்க நிரப்ப வேண்டியதை நிரப்பித் தர்றாங்க, அவ்ளோ தான். நாங்களே தான் போட்டோம், நாலு வாரக்கடைசி ஆச்சு.

தேவைப்படறது: எல்எல்சி பேப்பர், ஈஐஎன், பங்குதாரர் விவரம், காசு வந்த வழி, லீஸ், யார் கையெழுத்துப் போடலாம்ங்கற தீர்மானம், சுற்றுச்சூழல் விவரம், தண்ணிக் கழிவு விவரம், இடத்தோட வரைபடம். அந்த வரைபடத்துல தான் நிறைய பேர் திரும்பி வருவாங்க. ப்ரூவரி எல்லை எது, டேப்ரூம் (உக்காந்து குடிக்கற இடம்) எது, வரி கணக்கிடற டேங்க் எது, வரி கட்டின பீர் எங்க இருக்கும்னு கோடு போட்டுக் காட்டணும், எழுத்துல விவரிச்சதும் படத்துல இருக்கறதும் ஒரே மாதிரி இருக்கணும். நான் எழுத்துல 2,400 சதுர அடின்னு போட்டுட்டுப் படத்துல கூட்டினா 2,360 வர்ற மாதிரி வரைஞ்சிருந்தேன், அந்த 40 அடிக்குத் திருத்தம் கேட்டு வந்துச்சு, மூணு வாரம் போச்சு.

பாண்டு (வரி கட்டிடுவோம்னு குடுக்கற உத்தரவாதப் பத்திரம்) பத்தி பழைய ஆட்கள் பயமுறுத்துவாங்க. 2017-ல இருந்து, வருஷத்துக்கு ஃபெடரல் பீர் வரி 50,000 டாலரைத் தாண்டாதுன்னா பாண்டு வேண்டாம். நம்ம அளவுக்கு அது எட்டாத உயரம்: சின்ன ப்ரூவருக்கு முதல் 60,000 பேரலுக்கு வரி பேரலுக்கு 3.50 டாலர் தான். வருஷத்துக்கு 500 பேரல் காய்ச்சினா 1,750 டாலர். டெக்சாஸ் வரி பேரலுக்கு 6 டாலர், அது 3,000. பீர் வரியில யாரும் போண்டியாகலை, வாடகையில தான் ஆனாங்க.

நேரம் மூணு மாசம்னு கணக்கு வெச்சுக்கோங்க. வாஷிங்டன்ல பட்ஜெட் சண்டை வந்து அரசாங்கம் மூடினா இதுவும் நிக்கலாம், 2018 டிசம்பர் 22-ல இருந்து 2019 ஜனவரி 25 வரைக்கும் 35 நாள் அப்படித் தான் நின்னுச்சு, அப்ப வரிசையில இருந்தவங்க பாடு திண்டாட்டம்.

ஒரு எச்சரிக்கை. அனுமதி வர்றதுக்கு முன்னாடி புது கெட்டில்ல "சும்மா ஒரு டெஸ்ட் பேட்ச்" போடாதீங்க. வெறும் தண்ணி விட்டு ஓட்டிப் பாருங்க, கசிவு பாருங்க, சூடு பாருங்க. மால்ட்டை (முளைகட்டிக் காய வெச்ச தானியம்) போட்டு ஈஸ்ட்டை விட்டா அது அனுமதி இல்லாத தயாரிப்பு.

கூடவே ரெண்டு சின்ன வேலை: எஃப்டிஏவுல உணவுக்கூடப் பதிவு, இலவசம், இரட்டைப்படை வருஷத்துல அக்டோபர்-டிசம்பர்ல புதுப்பிக்கணும். டிடிபிக்கே ஆல்கஹால் டீலர் பதிவு ஃபார்ம் 5630.5டி, அதுவும் இலவசம்.

7. மாநிலம்: டிஏபிசி, அந்த 60 நாள் போர்டு

டெக்சாஸ் ஆல்கஹாலிக் பெவரேஜ் கமிஷன், விண்ணப்பம் எய்ம்ஸ்ங்கற ஆன்லைன் தளத்துல. சிட்டி, கவுன்ட்டி, கம்ப்ட்ரோலர்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சான்று வாங்கணும். ஒரு ஆபீஸ்ல கையெழுத்து வாங்காம அடுத்ததுக்குப் போகாதீங்க, தேதி பழசாகும்.

அங்கயே உக்காந்து குடிக்கற இடம்னா வாசல்ல 24-க்கு 36 இஞ்ச் அளவுல ஒரு போர்டு 60 நாள் வைக்கணும், இங்க இன்னார் மது லைசன்ஸ் கேக்கறாங்கன்னு. இந்த 60 நாளை வேற எதோடயும் சேத்து ஓட விடலாம்ங்கறது தான் விஷயம், டிடிபி காத்திருப்பு ஓடறப்பவே, கட்டட வேலை நடக்கறப்பவே இதுவும் ஓடலாம். எனக்கு இது தெரியாம எல்லாம் முடிஞ்சதும் போர்டு வெச்சேன். ரெண்டு மாச வாடகை, 13,600 டாலர், ஒரு போர்டுக்கு. சாவி கைக்கு வந்த அன்னிக்கே போர்டை மாட்டி, தேதி தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க.

இன்னும் நல்ல வழி, கடந்த 24 மாசத்துக்குள்ள அதே இடத்துல குடிக்க லைசன்ஸ் இருந்திருந்தா அந்த போர்டே தேவைப்படாது. மூடிப்போன பார், மூடிப்போன ப்ரூவரி இருக்கற இடத்தைத் தேடறதுக்கு இது ஒரு காரணம்.

கவுன்ட்டர்ல நிக்கற எல்லாரையும் டிஏபிசி விற்பனையாளர் பயிற்சி முடிக்க வைங்க, ஆன்லைன்ல ரெண்டு மூணு மணி நேரம், ரெண்டு வருஷம் செல்லும். அதிகமா குடிச்சவனுக்கு ஊத்திக் குடுத்து அவன் கார்ல போய் இடிச்சா கடை மேல வழக்கு வரும், ஊழியர்கள் எல்லாரும் பயிற்சி எடுத்திருக்கறது அப்ப உங்களுக்கு இருக்கற தற்காப்புல ஒண்ணு. மது சம்பந்தமான இன்ஷூரன்ஸ் தனி, சாதாரண கடை இன்ஷூரன்ஸ்ல அது வராது, ரெண்டையும் தனித்தனியா விலை கேளுங்க.

8. சிட்டி

நேரத்தை அதிகமா தின்னது இது தான். சில சிட்டி ப்ரூவரியைத் தொழிற்சாலைன்னு பாக்கும், சில சிட்டி ரெஸ்டாரன்ட்டுன்னு பாக்கும், எங்க ஊர்ல ஸ்பெஷல் யூஸ் பெர்மிட் வேணும்னாங்க, அதுக்கு ஒரு கமிஷன் கூட்டம், அப்புறம் கவுன்சில் கூட்டம், அக்கம்பக்கத்துக்குக் கடிதம், யார் வேணா வந்து பேசலாம். ஒரு அம்மா வந்து வாசனை வருமான்னு கேட்டாங்க. வரும்மா, மால்ட் கொதிக்கறப்ப கூழ் காய்ச்சற மாதிரி ஒரு வாசனை, சில மணி நேரம்னு சொன்னேன் (கூழை ஓட்ஸ்னு மாத்தித் தான்).

கழிவுத் தண்ணி பத்தி முன்னாடியே போய்ப் பேசுங்க. ஒரு பேரல் பீருக்குப் பல மடங்கு தண்ணி செலவாகும், வெளிய போற தண்ணியில ஈஸ்ட், சர்க்கரை, காஸ்டிக் எல்லாம் இருக்கும், அதை அப்படியே சாக்கடையில விட்டா சிட்டி கூடுதல் கட்டணம் போடும், இல்ல பிஎச் சரி பண்ற தொட்டி வைக்கச் சொல்லும். திறந்த பிறகு வைக்கறதுன்னா தரையைத் திரும்ப உடைக்கணும். காய்ச்சினதுக்கு அப்புறம் மிஞ்சற மால்ட் சக்கையை ட்ரெயின்ல விடவே கூடாது, மாடு வளர்க்கற விவசாயி யாரையாவது பிடிச்சுக்கோங்க, இலவசமா எடுத்துட்டுப் போவாங்க, கோடைக்காலத்துல அன்னிக்கே வரச் சொல்லுங்க, இல்லைன்னா நாத்தம் தாங்காது.

தீயணைப்புத் துறை கார்பன் டை ஆக்சைடு பத்திக் கேக்கும். 100 பவுண்டுக்கு மேல சேமிச்சு வெச்சா அலாரமோ காத்தோட்டமோ வேணும்ங்கறது பல ஊர்ல விதி. இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தாழ்வான இடத்துல போய்த் தங்கும், நொதிக்கற டேங்க்லயும் அது தான் வரும், டேங்க்குக்குள்ள தலையை விட்டவன் மயங்கி விழுந்தா தூக்கப் போறவனும் விழுவான்.

9. சாமான்

எங்களுது 7 பேரல் செட். ஒரு பேரல் 31 கேலன், கணக்குக்கு 248 பைன்ட், நுரை, சிந்தினது, டேங்க் அடியில தங்கினது எல்லாம் போக 210-220 தான் காசாகும். பிசினஸ் ப்ளான்ல 248 போட்டு வெச்சிருந்தீங்கன்னா இப்பவே மாத்துங்க.

புதுசு வாங்காதீங்கன்னு தான் நான் சொல்வேன். மூடற இடங்கள்ல இருந்து நல்ல ஃபெர்மென்டர், பிரைட் டேங்க் (தயாரான பீரை வைக்கற டேங்க்), கெக் எல்லாம் விலைக்கு வருது, நேர்ல போய் உள்ள டார்ச் அடிச்சு வெல்டைப் பாருங்க, பள்ளமோ துருவோ இருந்தா வேண்டாம். வெளிநாட்டுல இருந்து புதுசா இறக்கறதா இருந்தா மோட்டார் 380 வோல்ட் 50 ஹெர்ட்ஸா இருக்கும், இங்க 208-ஓ 480-ஓ, 60 ஹெர்ட்ஸ். ஆர்டர்லயே எழுதி வாங்குங்க. கன்ட்ரோல் பேனல்ல யூஎல் முத்திரை (இங்க ஏத்துக்கற மின் பாதுகாப்பு முத்திரை) இல்லைன்னா சிட்டி எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மாட்டார். எங்களுக்கு அதே தான் ஆச்சு, பேனலைக் கழட்டி இங்க ஒருத்தர்கிட்ட புதுசா செஞ்சு மாட்ட ஆறு வாரம். வித்தவர்கிட்ட கேட்டா "ஐரோப்பா முத்திரை இருக்கே"ன்னார்.

அந்தக் குளிர வைக்கற சில்லர் மட்டும் பெருசா எடுங்க. டெக்சாஸ் ஆகஸ்ட் மாசத்துல மூணு ஃபெர்மென்டர் ஒண்ணா கொதிச்சு நொதிக்கறப்ப தான் அதோட அருமை தெரியும்.

10. என்ன காய்ச்சப் போறீங்க

தமிழன் ப்ரூபப் வெச்சா ஃபில்டர் காபி ஸ்டவுட் இல்லாமலா. காபிக்கொட்டை, இஞ்சி, கொத்தமல்லி விதை, பட்டை, தேன் இதெல்லாம் டிடிபி 2015-ல வெளியிட்ட விலக்குப் பட்டியல்ல இருக்கு, தனியா ஃபார்முலா அனுமதி வேண்டாம். பட்டியல்ல இல்லாததைப் போடணும்னா காய்ச்சறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும், உங்க கடையில மட்டும் விக்கறதா இருந்தாலும். எனக்கு நன்னாரி வேர் போட்டு ஒண்ணு பண்ண ரொம்ப நாள் ஆசை, பட்டியலை மேல இருந்து கீழ வரைக்கும் தேடினேன், காணோம். விண்ணப்பம் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கேன்.

கேன்ல அடைச்சு வேற மாநிலத்துக்கு அனுப்பறதா இருந்தா லேபிளுக்கும் டிடிபி அனுமதி வேணும். டேப்ரூம்ல மட்டும் ஊத்தறவங்களுக்கு ஆரம்பத்துல அந்தத் தலைவலி இல்லை, முதல் வருஷம் கேன் பக்கமே போகாதீங்க.

ஹாப்ஸ்க்கு (பீருக்குக் கசப்பும் வாசனையும் தர்ற பூ) வாஷிங்டன் மாநிலத்துல அது விளையற யாக்கிமா பக்கத்து ஆட்கள் மூணு வருஷ கான்ட்ராக்ட் நீட்டுவாங்க, விலை கம்மியா தெரியும். எவ்ளோ விப்பீங்கன்னே தெரியாதப்ப மூணு வருஷத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க? ஸ்பாட்ல வாங்குங்க. ஆரம்பத்துல ஏல் வகையே காய்ச்சுங்க, ரெண்டு மூணு வாரத்துல டேங்க் காலியாகும், லாகர் ஆறு எட்டு வாரம் டேங்க்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கவுன்ட்டருக்கு வர்ற நம்ம ஊர் மாமாக்கள் "ஸ்ட்ராங்கா ஒண்ணும் இல்லையா"ன்னு தான் கேப்பாங்க, டாஸ்மாக் பழக்கம். அவங்களுக்காக 8 சதவீதத்துல ஒண்ணு வைங்க, சின்ன கிளாஸ்ல குடுங்க.

ஊர்ல அம்மாகிட்ட என்ன தொழில்னு சொல்றதுங்கறதுக்கு என்கிட்ட வழிகாட்டல் இல்லை. "ஹோட்டல்"னு தான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

11. அனுமதி வந்த மறுநாள்ல இருந்து

நோட்டீஸ் வந்தாச்சு, இனி கொண்டாட்டம்னு நெனச்சோம். அன்னிக்கே கணக்கும் ஆரம்பிக்குது. சின்ன ப்ரூபப்புக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 5130.26 அறிக்கை, காலாண்டு முடிஞ்ச அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள. வரி ரிட்டர்ன் அதுக்கு ஒரு நாள் முன்னாடி, 14-ம் தேதி. வருஷ வரி 1,000 டாலருக்குள்ளன்னா ரிட்டர்னை வருஷத்துக்கு ஒரு தடவை போடலாம், அதாவது 285 பேரல் வரைக்கும். மால்ட் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ காய்ச்சினோம், எவ்ளோ கொட்டினோம், எவ்ளோ வித்தோம்னு தினக் கணக்கு எழுதி மூணு வருஷம் பத்திரமா வைக்கணும்.

எங்களுக்கு நோட்டீஸ் ஆகஸ்ட்ல வந்துச்சு, முதல் பீர் காய்ச்சினது நவம்பர்ல. நடுவுல ஒண்ணுமே காய்ச்சலையே, என்னத்தை அறிக்கை போடறதுன்னு விட்டுட்டேன். ஜனவரியில கடிதம் வந்துச்சு. ஒண்ணும் காய்ச்சலைன்னாலும் எல்லாக் கட்டத்துலயும் பூஜ்யம் போட்டு அக்டோபர் 15-க்குள்ள அனுப்பியிருக்கணும்.